பழைய பைபர் படகும் 15 குதிரைவலு இஞ்சினும்: வாங்கிய விலைக்கு மேல் என்ன போகும்

பாவித்த படகு ஒன்றை இஞ்சினோடு வாங்குகிறவர் கரையில் எண்ணிக் கொடுக்கும் காசு, செலவின் முதல் பகுதி மட்டும்தான். மிச்சம் எவ்வளவு என்பது படகின் வயதில் இல்லை, உப்புத் தண்ணீர் எங்கே புகுந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. கொக்கிளாய், நாயாறு, கள்ளப்பாடு, மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு என்று இலங்கையின் வன்னிக் கரை முழுக்க ஓடுகிற 18 முதல் 23 அடிப் பைபர் படகுகளில் பெரிய செலவு வைக்கிற இடங்கள் மூன்று: கியர்ப் பெட்டி, இஞ்சின் பூட்டும் பின்பலகை, சிலிண்டர். மற்றதெல்லாம் சில்லறை.

செலவை ரூபாயில் சொல்வதில் பயனில்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 வரை ஏறியது. இறக்குமதிச் சாமான் விலையும் கூடவே ஏறியது. ஆகவே கிலோவிலும் லீற்றரிலும் கூலி நாளிலும் கணக்கு வைத்திருந்து, வாங்கும் கிழமையின் கடை விலையால் பெருக்கிக்கொள்வதுதான் நம்பத்தக்கது.

படகு எந்தக் காலத்தில் வார்த்தது என்று முதலில் விசாரியுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாக வார்த்துக் கொடுத்த படகுகளில் தடிப்புக் குறைந்தவையும் இருக்கின்றன. அடித்தட்டில் முழங்காலை ஊன்றி அமத்தினால் உள்வாங்குகிறதா என்று பாருங்கள். வங்குகளுக்கு (படகின் விலாச் சட்டங்களுக்கு) இடைப்பட்ட பகுதி கையோடு அசைந்தால், அதற்கு மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் அலை அடிக்க அடிக்க வெடிப்பு திரும்பி வரும்.

இனிக் கியர்ப் பெட்டி. இந்தச் சோதனையை இரவு முழுக்க அசையாமல் நின்ற இஞ்சினில், காலையில் செய்ய வேண்டும். தண்ணீர் எண்ணெயை விடப் பாரம், ஓய்ந்து நின்றால் அடியில் படியும். பெட்டியின் கீழ் ஸ்குறூவை முழுதாகக் கழற்றாமல் அரைச்சுற்று மட்டும் தளர்த்தி, விரலை அடியில் பிடியுங்கள். முதல் சொட்டே தெளிந்த தண்ணீராக வந்தால் சீல் (தண்ணீர் புகாமல் அச்சை இறுக்கும் றப்பர் வளையம்) போய்விட்டது. ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீரோடு கலந்து ஓடியிருக்கிறது, அதாவது உள்ளே பெயரிங் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். கறுப்பாக, ஆனால் தண்ணீரில்லாமல் வந்தால் ஒயில் மாற்றவில்லை என்பதோடு விஷயம் முடிகிறது. ஸ்குறூ முனையில் உள்ள காந்தத்தையும் துடைத்துப் பாருங்கள். சாம்பல் பசை வழமையானது, கையில் குத்துகிற துகள் வந்தால் கியர்ப் பல்லு உடைகிறது.

சீல் போவதற்கு இங்கே மிகப் பெரிய காரணம் தங்கூசி நூல். புறொப்பெலருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட நூல் சூட்டில் உருகி, சீலின் உதட்டை அரிந்துவிடும். புறொப்பெலரைக் கழற்றி அச்சைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மாதம் ஒருமுறை செலவழித்தவனின் கியர்ப் பெட்டியும் செலவழிக்காதவனின் கியர்ப் பெட்டியும் ஒரே வருசத்தில் வேறு வேறு விலைக்குப் போகும்.

இந்த நிலையில் பிடித்தால் செலவு சின்னது: புறொப்பெலர் அச்சுக்கு இரண்டு சீல், மேலிருந்து இறங்கும் அச்சுக்குரிய சீல்கள், ஓ றிங், இரண்டு ஸ்குறூ வாஷர், கியர் ஒயில். 15 குதிரைவலு யமஹாவில் கால் லீற்றர் ஒயில்தான் பிடிக்கும். எண் 90 கியர் ஒயிலைக் கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்ற வேண்டும். மேல் துளையால் குமிழி இல்லாமல் வழிந்ததும் மேல் ஸ்குறூவை முதலில் பூட்டி, அதன் பிறகே கீழே பூட்ட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும், பெட்டி நிரம்பியதாகத் தோன்றும், உண்மையில் பாதிதான் இருக்கும். ஒயில் விட முன்னர் சைக்கிள் பம்ப்பால் மேல் துளை வழியாகக் கொஞ்சமாகக் காற்றேற்றி, சீல்களில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி பாருங்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கும்.

பிடிக்காமல் விட்டால் முன்கியர், பின்கியர், பினியன், பெயரிங் எல்லாம் சேர்ந்து போகும். அந்தக் கட்டத்தில் புதுச் செற் வாங்குவதை விட, பாவித்த முழுக் கீழ்க்கால் (கியர்ப் பெட்டியோடு சேர்ந்த இஞ்சினின் அடிப்பகுதி) ஒன்றைத் தேடுவது பல நேரம் மலிவு. அதற்கும் இதே ஸ்குறூச் சோதனைதான்.

கீழ்க்காலைக் கழற்றிய கையோடு இம்பெலரையும் (இஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் றப்பர்ச் சில்லு) மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். நந்திக்கடல் மாதிரி ஆழமில்லாத களப்பில் ஓடிய இஞ்சினுக்கு மணல் இழுத்து இம்பெலர் றப்பரும் அது சுழலும் தட்டும் சீக்கிரம் தேயும். இம்பெலரை மட்டும் மாற்றிக் கோடு விழுந்த தட்டை விட்டால், தண்ணீர் ஏற்றம் பழையபடியே பலவீனமாக இருக்கும். அச்சை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே இம்பெலரை இறக்குங்கள், இறகுகள் சரியான பக்கம் மடியும். வெறும் தரையில் "ஒருக்கா இழுத்துப் பாருங்கோ அண்ணை" என்று விற்பவர் சொன்னால் வேண்டாம். தண்ணீரில்லாமல் ஓடும் சில விநாடிகளிலேயே இம்பெலர் கருகும். 200 லீற்றர் பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, புறொப்பெலருக்கு மேலுள்ள தட்டு மூழ்கும்படி இறக்கித்தான் ஓட்ட வேண்டும்.

கழற்றும்போது போல்ற் முறிவது இந்தத் தொழிலின் சாபம். அலுமினியத்துக்குள் துருப்பிடியா உருக்கு போல்ற், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் இரண்டும் கல்லாக இறுகிவிடும். சூடு காட்டி, தலையில் மெல்லத் தட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும். முறிந்த ஒன்றைத் துளைத்தெடுத்து மரை திருப்பிப் போடும் கூலி, நீங்கள் மாற்ற வந்த சீலின் விலையைத் தாண்டும். திரும்பப் பூட்டும் ஒவ்வொரு மரையிலும் கடல் கிறீஸ் பூசுங்கள்.

சிலிண்டர் சோதனைக்கு முன் இஞ்சின் மண்டையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்ராட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இஞ்சின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதுதான் செய்தி. கொம்பிரசன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்க இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை இஞ்சின் உடலோடு தொடுத்து விடுங்கள், இல்லாவிட்டால் பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டி அடிபடும். துறொட்டிலை முழுக்கத் திறந்து ஐந்தாறு தரம் இழுங்கள். மீற்றர் காட்டும் எண்ணை விட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம். மண்ணெண்ணெய் இஞ்சினுக்குப் பெற்றோல் இஞ்சினை விடக் கொம்பிரசன் குறைவாகவே இருக்கும், இங்கே தலைக்குக் கூடுதல் கஸ்கற் போட்டு மாற்றியவையும் உண்டு. பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் றிங் அல்லது சுவர்த் தேய்வு. ஏறாவிட்டால் தலைக் கஸ்கற்றையோ பிஸ்டனையோ சந்தேகிக்கலாம்.

றிங் கரியில் ஒட்டியிருந்தால் கழுவி மீட்கலாம். சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். அதோடு கிராங் சீல், கஸ்கற் செற், அனேகமாகப் பெயரிங்கும் சேரும். கிராங்கிலும் சத்தம் என்றால் அந்த இஞ்சினை வாங்கக் கூடாது. உதிரிப் பாகத்துக்காக மட்டும் எடுப்பதென்றால் அது வேறு கதை.

இந்த நிலைக்கு ஏன் வருகிறது? தண்ணீர் வழிகள் உப்பில் அடைத்துச் சூடேறுவது ஒன்று. ஒயில் மிச்சம் பிடிப்பது இன்னொன்று: 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லி, அதைக் கண்மட்டத்தில் ஊற்றுவார்கள். மூன்றாவது, மண்ணெண்ணெயிலேயே இஞ்சினை நிற்பாட்டுவது. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி ஆவியாகிப் போகாது. கிராங் அறைக்குள் தங்கி ஒயில் படலத்தைக் கழுவிவிடும், பிறகு ஈரக் காற்றில் பெயரிங் துருப்பிடிக்கும். கரைக்கு வர முன் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டி நிற்பாட்டினால் இந்தச் செலவே இல்லை. மறுநாள் ஸ்ராட்டும் இலகு.

காபரேற்றர், எரிபொருள் பம்ப் மெம்பிறேன், இழுகயிறு, சுருள்வில், பிளக் எல்லாம் வருசா வருசம் வருகிற சின்னச் செலவுகள். காபரேற்றரின் ஜெற்றை (எரிபொருள் வரும் நுண்துளை) கம்பியால் குத்தாதீர்கள், காற்றடித்துத் துப்பரவாக்குங்கள்.

பின்பலகைக்கு வருவோம், ஏனெனில் விற்பவருக்கே பல நேரம் தெரியாமல் கெட்டுக் கிடப்பது இதுதான். வெளியே பைபர், உள்ளே பலகை. இஞ்சின் போல்ற் துளைகளாலும் மேல் விளிம்பு வெடிப்பாலும் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உக்கிய இடம் தொப்பென்று கேட்கும். இஞ்சினைச் சற்று உயர்த்தி, கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அமத்துங்கள். பலகையும் பக்கச் சுவரும் சேரும் உள்மூலையில் மயிர்க்கோடு திறந்து மூடினால் முடிவு தெரிந்துவிட்டது. இன்னும் சந்தேகமென்றால், உரிமையாளர் சம்மதத்தோடு உட்பக்க அடியில் 5 மில்லிமீற்றர் துளை ஒன்று. உலர்ந்த வெளிர் தூள் வந்தால் நல்லது, மண்ணிற ஈரப் பிசுக்கு வந்தால் பலகை மாற்றம்.

நாலரை அடி அகலம், இரண்டடி உயரப் பின்பலகைக்கான சாமான் இது. 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் 8க்கு 4 அடித் தாள் ஒன்று, இரண்டு துண்டும் அதிலேயே வரும். உட்தோலை வெட்டியெடுத்து, உக்கிய பலகையைச் சுரண்டி, குழியை நன்றாக உலர விட வேண்டும். இதில் அவசரப்பட்டவர்களுக்கு அதே வேலை திரும்பி வரும். இரண்டு துண்டுகளையும் இடையில் றெசினில் (பைபரை இறுக்கும் பிசின்) நனைத்த மற் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து ஒட்டி, ஓரங்களுக்கு றெசின் குடிக்கக் குடிக்கப் பூசுங்கள். உள்ளே மூன்று படை 450 கிராம் மற், ஒரு படை 600 கிராம் நெய்த நார். பக்கச் சுவர்களில் ஏறும் பகுதியோடு ஒன்றரைச் சதுர மீற்றர் என்றால் மற் 2 கிலோ, நெய்த நார் ஒரு கிலோ. மற் தன் எடையில் இரண்டரை மடங்கு றெசின் குடிக்கும், நெய்த நார் ஏறக்குறைய சம எடை. ஒட்டுவதற்கும் ஓரங்களுக்கும் சேர்த்து 12 கிலோ றெசின் வாங்குங்கள். நம் வெயிலில் காட்டலிஸ்ட் (றெசினை இறுக வைக்கும் திரவம்) 1 வீதம் போதும், கிலோவுக்கு 10 மில்லி. 2 வீதம் விட்டால் வாளியிலேயே கொதித்து இறுகும். கோபால்ட்டையும் (இறுகுவதை விரைவாக்கும் திரவம்) காட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். கோபால்ட் முதலில் றெசினுக்குள் நன்றாகக் கலந்த பின்னரே மற்றது. இரண்டு ஆளுக்கு மூன்று நாள் கூலி, உலர விடும் நாட்கள் தனி.

மிதப்புக்கு வைத்த றெஜிபோம் மேல் இந்த றெசின் பட்டால் போம் கரைந்து குழி விழும், பொலித்தீன் சுற்றாமல் வேலை தொடங்காதீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் அலையோடு மணலில் ஏற்றி இழுக்கிற படகுகளுக்கு ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் நடுமுதுகின்) பின்பாதி தேய்ந்து நார் தெரியும். அங்கே 40 ஆம் இலக்கக் கடதாசியால் உரசி, ஒன்றை விட ஒன்று அகலமாக மூன்று படை மற் போட்டால் சரி. மாரியில், கார்த்திகை மார்கழியில் வாங்குகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும்: அந்த ஈரத்தில் பைபர் வேலை பிடிக்காது. தை கழிந்து காய்ந்த வெயில் வரும்வரை படகு கரையில்தான் கிடக்கும், காசும் அதோடு கிடக்கும்.

யாரும் திருத்தச் செலவில் சேர்க்காதது எரிபொருள். தேய்ந்த இஞ்சின் மணிக்கு ஒரு லீற்றர் கூடக் குடித்தால், நாளுக்கு 5 மணி, மாதம் 20 நாள் ஓட்டத்தில் 100 லீற்றர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அந்த விலைப்படி மாதம் 34,000 ரூபாய் புகையாகப் போனது. சில மாதத்தில் இதுவே போர் அடிக்கும் செலவை எட்டும், ஆனால் கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் கண்ணில் படுவதில்லை.

முற்பணம் கொடுக்க முன் படகின் பதிவு இலக்கம், இஞ்சினில் அடித்த தொடர் இலக்கம் இரண்டையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டப்படி தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உரிமை மாற்றத்தைக் கடற்றொழில் பரிசோதகர் அலுவலகத்தில் விற்பவரையும் கூட்டிக்கொண்டு போய் முடித்த பின்னரே மிச்சக் காசைக் கொடுங்கள். இலக்கத் தகடு பிடுங்கப்பட்ட இஞ்சினை எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் தொட வேண்டாம்.