டிவிடியை எம்பி4 ஆக்கும்போது: 23.976, 25, 29.97, 50 – எந்த ஃபிரேம் ரேட்?

டிவிடியை எம்பி4 கோப்பாக மாற்றும் மென்பொருளில் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்கள், அதாவது தனிப் படங்கள், ஓடும் என்ற எண்ணிக்கை) பட்டியலைத் திறந்தால் பத்துக்கும் மேற்பட்ட எண்கள் வந்து நிற்கும். ஆனால் டிவிடி ஓடும் வேகங்கள் இரண்டே: பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம், என்டிஎஸ்சி (NTSC) என்ற முறையில் 29.97. படத்தின் உயரம் 576 கோடுகளா, 480 கோடுகளா என்று பார்த்தாலே எந்த முறை என்பது தெரிந்துவிடும்.

குழப்பம் பெரும்பாலும் என்டிஎஸ்சி வட்டில்தான். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த திரைப்படத்தை 23.976 ஆகச் சற்றே மெதுவாக்கி, நான்கு ஃபிரேம்களை ஐந்தாகப் பரப்பி 29.97-க்குக் கொண்டுவருவது டெலிசினி முறை. அசைவில் விழும் கோடுகளை மறைக்கும் டீஇன்டர்லேஸ் வசதியை நிறுத்திவிட்டு, கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தால், மூன்று ஃபிரேம்கள் தெளிவாகவும் அடுத்த இரண்டு சீப்புப் பற்களைப் போலக் கோடு கோடாகவும் மாறி மாறி வரும். இந்த வரிசை தென்பட்டால் டெலிசினியில் கூடிய ஃபிரேமை நீக்கி மூல ஃபிரேம்களை மீட்கும் டீடெலிசினி வடிகட்டியை இயக்கி 23.976-ஐத் தேர்ந்தெடுப்பதே சரி. 29.97-லேயே வைத்து டீஇன்டர்லேஸ் செய்தாலும் கோடுகள் மறையும் என்பது உண்மைதான். எனினும் தேவையற்ற ஃபிரேம்கள் கோப்பில் தங்கிவிடுவதால் நகரும் காட்சிகள் சீராக ஓடா. வடிகட்டி இல்லாமல் எண்ணை மட்டும் 23.976 ஆக மாற்றுவது இதைவிட மோசம்: மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு ஃபிரேம்களைக் கழிக்கும்போது நல்லவை போய்க் கோடு விழுந்தவை தங்கிவிடலாம்.

பால் வட்டில் திரைப்படத்தை ஏறக்குறைய 4 விழுக்காடு வேகமாக்கியே 25-க்குக் கொண்டுவருகிறார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரலும் சற்று உயர்ந்து ஒலிக்கும். மூல வேகத்துக்குத் திரும்பலாம் என்று பட்டியலில் 24-ஐத் தேர்ந்தெடுத்தால் விநாடிக்கு ஒரு ஃபிரேம் கழிந்து காட்சி தட்டுத் தடுமாறுமே தவிர, படம் அதே 144 நிமிடத்தில்தான் முடியும். எனவே 25-ஐ அப்படியே விடுவது நல்லது.

பழைய திருமண வீடியோ வட்டுகளின் கணக்கு வேறு. பால் கேமராவில் இன்டர்லேஸ் முறையில் பதிவானவற்றில் விநாடிக்கு 50 அரைப்படங்கள் (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிக் கோடுகள் மட்டும் கொண்டவை) உள்ளன. 25-இல் மாற்றினால் கோப்பு சிறியதாகும், ஆனால் அசைவின் பாதி நுணுக்கம் போய்விடும். ஒவ்வோர் அரைப்படத்தையும் முழு ஃபிரேமாக்கும் பாப் டீஇன்டர்லேஸுடன் 50-இல் மாற்றினால், மணமக்கள் மேல் விழும் அட்சதைகூட வட்டில் ஓடிய அதே சரளத்தோடு ஓடும். இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நான் 50-ஐத்தான் பரிந்துரைப்பேன். என்டிஎஸ்சி கேமராவில் எடுத்ததென்றால் 59.94.

திரைப்படப் பகுதியும் வீடியோ பகுதியும் கலந்த என்டிஎஸ்சி வட்டுக்கு பகுதிக்கேற்ப மாறும் ஃபிரேம் ரேட் பொருந்தும். ஆனால் சில எடிட்டிங் மென்பொருள்களில் அத்தகைய கோப்பின் ஒலியும் படமும் விலகிப்போகும் என்பதால், பின்னர் வெட்டி ஒட்டப் போகிறவர்கள் நிலையான 29.97-ஐ வைத்துக்கொள்ளலாம்.