டெக்கீலா மீன்: தொட்டியா, ஆறா?

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், டெக்கீலா எரிமலைக்கு அருகே ஊற்றுநீரில் பிறக்கும் தேயுச்சித்லான் ஆறே, சூகோனெட்டிகஸ் டெக்கீலா என்ற சிறு மீனின் தாயகம். குட்டி ஈனும் இம்மீனின் கரு, தன் உடலிலிருந்து நீளும் நாடா போன்ற இழைகளால் தாயிடமிருந்து ஊட்டம் பெற்று வளர்கிறது. இயற்கையின் இந்த ஏற்பாடு வியக்கத்தக்கது.

மாசும் அயல் மீன்களும் ஆற்றில் இதை ஏறக்குறைய அழித்த காலத்தில், இனத்தைக் காத்தவை தொட்டிகளே. 1998இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிசாலை அனுப்பிய ஐந்து இணைகளே, மெக்சிகோவின் மிச்சோவாகான் பல்கலைக்கழகத்தின் வளர்ப்புக் கூட்டத்துக்கு வித்தாயின. ஆயினும் தொட்டியில் இரை கைக்கு எட்டியபடி கிடைக்கிறது. நீரோட்டமோ ஒட்டுண்ணியோ வேட்டை மீனோ அங்கே இல்லை.

ஆற்றில் வாழவோ இவற்றுக்கெல்லாம் மீன் பழகியிருக்க வேண்டும் என்பதால், 2012இல் எண்பது மீன்கள் முதலில் செயற்கைக் குளங்களில் விடப்பட்டுப் பல்லாயிரமாகப் பெருகின. 2017இல் அவற்றுள் 1,500 ஆற்றுக்குத் திரும்பின.

என் மதிப்பீட்டில் ஆறே மேலானது, ஏனெனில் தொட்டி மீனைக் காக்குமேயன்றி அதன் வாழ்முறையைக் காப்பதில்லை. எனினும் அயல் மீன்களின் அச்சுறுத்தல் நீங்கும்வரை, வளர்ப்புக் கூட்டத்தைக் கலைப்பது பெரும் தவறாகும்.