கிரானிக்ளிங் அமெரிக்கா: காது கேளாத ஒரு பந்துவீச்சாளரைத் தேட நல்ல இடம்

அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இலவசமாக நடத்தும் பழைய செய்தித்தாள் தளம் கிரானிக்ளிங் அமெரிக்கா. கணக்கு தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்தைய நாளிதழின் பக்கம் முழுதாக, விளம்பரங்களோடு திரையில் வருகிறது. நான் காது கேளாத பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித்தருபவள். தங்களைப் போன்ற ஒருவர் பெரிய அணியில் ஆடியதை அன்றைய அச்சிலேயே அவர்கள் பார்க்க வேண்டும். இந்தத் தளம் அதற்கு உதவுமா என்பதுதான் என் கேள்வி.

நான் தேடியவர் லூதர் டெய்லர். 1875-இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்து, அங்கே ஓலேத்தாவில் உள்ள காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். 1900 முதல் 1908 வரை நியூயார்க் ஜெயண்ட்ஸ் பேஸ்பால் அணியில் பந்து வீசினார். இடையில் 1902-இல் கொஞ்ச நாள் கிளீவ்லாந்தில் இருந்தார்.

முதலில் தேடும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 'லூதர்' என்று தேடினால் அதிகம் அகப்படாது. பேச முடியாதவர்களை அன்று ஊரே 'டம்மி' என்றுதான் அழைத்தது. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. அந்தப் பட்டப்பெயரைத் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்ய எனக்குக் கை கூசுகிறது, ஆனால் வேறு வழியில்லை. வெறும் 'டெய்லர்' என்று போட்டால் அதே காலத்தில் சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் பந்து வீசிய ஜாக் டெய்லர் வந்து கலந்துவிடுவார். அதனால் மாநிலத்தை நியூயார்க் என்றும் ஆண்டை ஒவ்வொன்றாகவும் வைத்துக்கொண்டு, 'ஈவினிங் வேர்ல்ட்', 'தி சன்', 'நியூயார்க் ட்ரிப்யூன்' மூன்றையும் பாருங்கள். மைக்ரோஃபிலிமிலிருந்து (பக்கங்களைப் பொடியாகப் படம் பிடித்து வைத்த சுருள்) எடுத்த படங்களை மென்பொருள் படித்து எழுத்தாக்கியிருப்பதால், பொடி எழுத்தில் இருக்கும் ஸ்கோர் கட்டங்களில் தேடல் தடுமாறும். ஆட்டத்தின் தேதி தெரிந்தால் மறுநாள் இதழை நேரடியாகத் திறப்பதே மேல்.

சரி, அப்படித் திறந்தால் என்ன கிடைக்கிறது? 1901-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியைப் பந்துவீச்சாளர் கணக்கிலும் எழுதுவார்கள். அந்த வருடம் டெய்லருக்கு 18 வெற்றி, 27 தோல்வி. ஜெயண்ட்ஸ் ஆடிய நேஷனல் லீகிலேயே அதிகம் தோற்ற பந்துவீச்சாளர் என்று புள்ளிவிவரப் பக்கம் ஒரு வரியில் முடித்துவிடும். நாளிதழ்களை வரிசையாகப் படித்தால்தான் அந்த அணியின் நிலைமை புரிகிறது. எட்டு அணிகளில் ஏழாவதாக வந்த அணி அது. அதிலும் 43 ஆட்டங்களில் முதல் பந்துவீச்சாளராக இறங்கியவர் இவர். அதாவது, திரும்பத் திரும்பப் பந்தை இவர் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். நம்பாத ஆளிடம் யாராவது அப்படிக் கொடுப்பார்களா? அதே பருவத்தில் டீகன், லைட்னர் என்று காது கேளாத இன்னும் இரண்டு பந்துவீச்சாளர்களும் கொஞ்ச காலம் அந்த அணியில் இருந்தார்கள். ஒரே அணியில் மூன்று பேர்! என் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

1902-இல் ஜான் மெக்ரா மேலாளராக வந்தார். அவரே சைகை மொழி கற்றுக்கொண்டார், வீரர்களும் கற்றுக்கொண்டார்கள். டெய்லரோடு பேச மட்டுமல்ல, ஆட்டத்துக்கு நடுவே உத்தரவு கொடுக்கவும் விரல் எழுத்துகள் பயன்பட்டன. அடுத்த சில வருடங்களின் ஆட்ட விவரங்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1904-இல் ஜெயண்ட்ஸ் 106 ஆட்டங்கள் வென்று லீகில் முதலிடம் பிடித்தது. அதில் டெய்லருடையது 21 வெற்றி.

ஆனால் இந்தத் தளம் ஒன்றே போதும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே இருப்பது காது கேட்கும் மனிதர்கள் டெய்லரைப் பற்றி எழுதியது. 1902 மே 16 அன்று சின்சினாட்டி அணியின் வில்லியம் ஹாய் பேட்டுடன் வந்து டெய்லரை எதிர்கொண்டார். அவரும் காது கேளாதவர். பெரிய லீகில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டத்தில், இப்படி இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றது அதுவே முதல் முறை. சின்சினாட்டி 5-3 என்று ஜெயித்தது. அந்தச் சந்திப்பு காது கேளாத சமூகத்துக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை அறிய, அவர்களே எழுதிய பத்திரிகைகளுக்குத்தான் போக வேண்டும். நியூஜெர்சி காது கேளாதோர் பள்ளியிலிருந்து 1929 வரை வந்த 'தி சைலண்ட் வொர்க்கர்' இதழை, காது கேளாதோருக்கான காலாடெட் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது, அதுவும் இலவசம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அப்புறம், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகான டெய்லர். எனக்கு அவர் மேல் இன்னும் பிரியம் வந்தது இந்தப் பகுதியில்தான். காது கேளாதோர் பள்ளிகளில் வேலை பார்த்தார், பயிற்சி கொடுத்தார். இல்லினாய் மாநிலப் பள்ளியில் அவர் கைதூக்கிவிட்ட டிக் சிபெக் 1945-இல் சின்சினாட்டிக்காகப் பெரிய லீகில் ஆடினார். இந்தப் பகுதிக்கு நியூயார்க் நாளிதழ்களைவிடப் பள்ளி இதழ்களே பொருத்தம்.

மொத்தத்தில், வகுப்புக்குத் தயார் செய்யும் ஆசிரியர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். கைபேசியை விடக் கணினியில் பாருங்கள். வேண்டிய பக்கத்தை பிடிஎஃப் ஆக இறக்கி, பெரிய தாளில் அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்கோர் கட்டத்தில் டெய்லர் பெயரை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.