8,490 ரூபாய் கம்பூட்ஸ்: அடியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

மலையில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது விலை கூடிய கம்பூட்ஸ் (சேற்றிலும் தண்ணீரிலும் போடுகிற உயரமான பூட்ஸ்) வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 8,490 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். புகார் போய்க்கொண்டிருப்பதால் கடையின் பேரை எழுதவில்லை. பேர் முக்கியமும் இல்லை. இன்றைக்கு ஒரு பலகை, நாளைக்கு வேறு பலகை. என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு நீலகிரியில், கேத்தி பள்ளத்தாக்கில். வீட்டுக்குக் கீழே எட்டு சென்ட் சரிவு, நான்கு படியாக வெட்டிவிட்டது. கேரட், பீன்ஸ், பூண்டு, கொஞ்சம் பீட்ரூட். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் இரண்டு மணி நேரம் அங்கேதான் இருப்பேன். அதுவரை ரப்பர் செருப்போடுதான் இறங்குவது வழக்கம். 2024 ஏப்ரலில் ஒரு கோடை மழைக்கு மறுநாள், இரண்டாவது படியில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, நான் மட்டும் மூன்றாவது படிக்குப் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் வீங்கிப் பத்து நாள் படுக்கை. மகன் போனில், “நல்ல பூட்ஸா ஒண்ணு வாங்கிப் போடும்மா, காசைப் பார்க்காதே” என்றான். பார்த்திருக்க வேண்டும்.

மே மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தோம். வெளிநாட்டுத் தோட்டச் சாமான் விற்கும் கண்ணாடிக் கதவுக் கடை ஒன்று கண்ணில் பட்டது. கரும்பச்சை நிறம், பக்கத்தில் ஒரு சின்ன பக்கிள், பார்க்கவே அழகு. “இது வெலிங்டன் பூட்ஸ் மேடம். ஒரிஜினல் நேச்சுரல் ரப்பர். கையால ஒட்டினது. பத்து வருஷம் உழைக்கும்” என்றார் கடைக்காரர். என் கால் அளவு 5. அவரிடம் இருந்ததில் சின்னது 6. கனமான சாக்ஸ் போட்டால் கச்சிதமாக இருக்கும் என்றார். சாக்ஸ் போட்டு அளவைச் சரிக்கட்டச் சொன்ன அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்கலாம்.

அடுத்து பில். “பில் போட்டா ஜிஎஸ்டி தனியா வரும் மேடம், எஸ்டிமேட் போதுமா?” நானும் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தலையாட்டினேன். எம்.ஆர்.பி. என்று அச்சடித்த விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது. 32 வருடம் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குக் கணக்குச் சொன்னவளுக்கு இது தெரியாமல் இல்லை. ஆசை வந்தால் தெரிந்தது எல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. நல்ல காலம், பணத்தை ஜிபேயில் கொடுத்தேன். எஸ்டிமேட் என்று கொடுத்த துண்டுச் சீட்டின் பின்னால் “ஒரு வருடம் வாரண்டி” என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். இப்போது என்னிடம் இருக்கும் ஆதாரம் இந்த இரண்டும்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார்: “வெலிங்டன் நம்ம ஸ்டேஷனுக்கு ரெண்டாவது ஸ்டேஷன். அதை வாங்கவா கோயம்புத்தூர் வரைக்கும் போனே?” கேத்தியில் ரயில் ஏறினால் அரவங்காடு, அதற்கு அடுத்தது வெலிங்டன். அவர் கிண்டலுக்குச் சொன்னார், ஆனால் பூட்ஸுக்கும் ஊருக்கும் பேர் வந்தது ஒரே ஆளிடமிருந்துதான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு. குன்னூர் பக்கம் ஜெகதளாவில் இருந்த படைவீடுகளுக்கு அவர் பேரை வைத்தார்கள், அதுவே ஊருக்கும் பேரானது. அவர் போட்ட பூட்ஸ் தோல். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்துப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான், 1853இல் பிரான்சில் ஹட்சின்சன் என்பவர் ரப்பரில் செய்ய ஆரம்பித்தார். இதெல்லாம் ஏமாந்த பிறகு நான் உட்கார்ந்து படித்தது.

ஜூன் முதல் நவம்பர் வரை பெரிய குறை இல்லை. குதிகால் உள்ளே ஏறி ஏறி இறங்கியதில் இரண்டு கொப்புளம். களை எடுக்கக் குந்தினால் பூட்ஸின் மேல் விளிம்பு முழங்காலின் பின்பக்கம் குத்தும். பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். டிசம்பரில் பனி இறங்க ஆரம்பித்ததும் பூட்ஸ் விறைத்துக்கொண்டது. ராத்திரி திண்ணையில் கிடந்தால் காலையில் தகரக் குழாய்க்குள் காலை விடுகிற மாதிரி இருக்கும்.

ஜனவரி இரண்டாவது வாரம். புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. பூண்டுப் பாத்தியில் குந்தி உட்கார்ந்தேன். இடது காலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். முழங்கால்தான் போய்விட்டது என்று பயந்துவிட்டேன். பார்த்தால் விரல்கள் மடங்குகிற இடத்தில், குறுக்கே, சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே பனியன் துணி மாதிரி மெல்லிசாக ஒரு துணி தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் சாக்ஸ் நனைந்துவிட்டது.

எங்கள் தோட்டத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கு ஒரு பெண் வருகிறாள். அதற்கு முன் முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவுகிற இடத்தில் பல வருடம் இருந்தவள். விடிவதற்கு முன்பே தண்ணீரில் நிற்கிற வேலை, அங்கே கம்பூட்ஸ் இல்லாமல் முடியாது. என் பூட்ஸை வாங்கி ஒரு தடவைதான் திருப்பினாள். “அம்மா, இது எங்க பூட்ஸ்தாம்மா. கலர் மட்டும்தான் வேற.” பூட்ஸின் மூக்கு நுனியில் ஆரம்பித்து மேல் விளிம்பு வரைக்கும், பின்னால் குதிகால் வழியாகவும், மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. அதை நகத்தால் தடவிக் காட்டினாள். இரண்டு பாதி அச்சு சேருகிற இடத்தில் விழுகிற கோடு அது. கையால் ஒட்டிய ரப்பர் பூட்ஸ் என்றால் துண்டு துண்டாக ஒட்டிய விளிம்பு தெரியும், இப்படி ஒரே வார்ப்பாக இருக்காது. எட்டு மாதம் தினமும் கழுவித் துடைத்தவள் நான். அந்தக் கோடு என் கண்ணில் படவே இல்லை.

அடியைத் திருப்பினோம். பாதத்தின் குழிவில் பத்துப் பைசா அளவுக்கு ஒரு வட்டம். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இலக்கம். அம்பு 3ஐக் காட்டியது, இலக்கங்கள் 1, 9. அதாவது 2019 மார்ச். பிளாஸ்டிக் வாளி, தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டி எதைத் திருப்பினாலும் பெரும்பாலும் இதே வட்டம் இருக்கும், பாருங்கள். என் புது பூட்ஸ் வாங்கும்போதே ஐந்து வயசு.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பக்கத்துத் தெருவில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார், அவரிடம் எடுத்துப் போனேன். வாசலில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வெடித்த இடத்து விளிம்பில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டினார். தீ பச்சையாக எரிந்தது. “குளோரின் இருக்கும்மா. இயற்கை ரப்பர்னா பச்சை வராது” என்றார். அப்புறம் அவரே, “நியோபிரீன்னு ஒரு செயற்கை ரப்பர் இருக்கு, அதுக்கும் பச்சை வரும். அவசரப்படக் கூடாது” என்று ஒரு ஊசியைச் சுட வைத்துக் குத்தினார். வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது, ஓரம் உருகிச் சுருண்டது. பதப்படுத்திய ரப்பர் எதுவானாலும் அப்படி உருகாதாம். ஆக, இது ரப்பரே இல்லை, பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக். குளிர்ந்தால் விறைப்பது அதன் குணம். அதை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கிற எண்ணெய்ச் சரக்கு வருடக்கணக்கில் வெளியேறிவிட்டால் இன்னும் மோசம். (வீட்டுக்குள் இந்தச் சோதனை வேண்டாம், அந்தப் புகை நல்லதில்லை.)

கடைசியாகப் பெட்டி. ‘8,490’ ஸ்டிக்கரை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தேன். அடியில் பழைய ஸ்டிக்கர்: 1,650 ரூபாய், இறக்குமதி 2019. அச்சிட்ட விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். கூட்டி ஒட்டச் சட்டத்தில் இடமே இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள், “அடுப்புப் பக்கத்துல வச்சிருப்பீங்க மேடம்.” இரண்டாம் நாள் வாட்ஸப்பில் படம் எல்லாம் அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “மண், உரம் பட்டிருப்பதால் வாரண்டி பொருந்தாது.” தோட்ட பூட்ஸ்! பெட்டி மேலேயே ஒரு அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு செடி நடுகிற படம் இருக்கிறது. மூன்றாம் நாள், பில் இல்லாததால் அது எங்கள் சரக்கே அல்ல என்றார்கள். ஜிபே ரசீதையும், அவர் கையெழுத்தில் இருந்த சீட்டையும் அனுப்பினேன். அதோடு சத்தம் இல்லை.

சரி, உண்மையான ரப்பராகவே இருந்திருந்தால் அந்த விலைக்குத் தகுமா? கூடலூரில் என் கொழுந்தனாரிடம் நிஜமான இயற்கை ரப்பர் ஜோடி ஒன்று இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து மகள் வாங்கி வந்தது. எட்டு வருடம் ஆகிறது, மடிப்பில் ஒரு கீறல் இல்லை. அவ்வப்போது மேலே வெள்ளையாகப் பூக்கும், துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். எனக்கு ஒரு தடவைகூடப் பூக்கவில்லை, நல்ல சரக்கு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்! அவருக்குத் தேயிலைக் காட்டுக்குள் மழையில் நடக்கிற வேலை. அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை உயரம் வேண்டும், நாள் முழுக்கக் காலில் கிடக்கும். அவருக்குத் தகும்.

எனக்கு? இதைத்தான் நான் யோசிக்காமல் போனேன். இந்த வெளிநாட்டுத் தோட்ட பூட்ஸ் நின்றுகொண்டு தோண்டுகிறவர்களுக்காகச் செய்தது. அவர்கள் மண்வாரியைக் காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்குவார்கள். அதனால் நல்ல ஜோடிகளில் பாதக்குழிவில் உள்ளே ஒரு கெட்டித் தகடு இருக்கும், மிதிக்கும்போது கால் வலிக்காது. அந்தத் தகட்டுக்கும் சேர்த்துத்தான் விலை. நாம் மண்வெட்டியை ஓங்கிப் போடுகிறவர்கள், களைக்கொத்தோடு குந்துகிறவர்கள். நமக்கு விரல் மடிப்பில் இளக்கம் வேண்டும், பாதிக் கெண்டைக்கால் உயரம் போதும், அடியில் களிமண் அப்பிக்கொள்ளாதபடி ஆழமான, அகலமான வெட்டு வேண்டும். என்னுடைய 8,490இன் அடி, டவுனில் மழைக்குப் போடுகிற மாதிரி மெல்லிய கோடுகள்தான். இரண்டு நடை நடந்தால் மண் அடைத்து வழவழ என்று ஆகிவிடும். சறுக்கி விழுந்தவள் வாங்கிய பூட்ஸ் அது.

இப்போது போடுவது ஊட்டி மார்க்கெட்டில் 480 ரூபாய்க்கு வாங்கிய கறுப்பு கம்பூட்ஸ். அளவு 5, பாதி உயரம், ஐ.எஸ்.ஐ. முத்திரை, அடியில் வட்டத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். இதுவும் பி.வி.சி.தான், ஆனால் பி.வி.சி. என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உள்ளே வேர்க்கிறது, அடி மெலிசு, கம்பளித் துண்டு ஒன்று வெட்டிப் போட்டிருக்கிறேன். பனிக்காலத்தில் ராத்திரி வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன். இரண்டு வருடம் வந்தால் போதும்.

இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள், நான் செய்துவிட்டேன். அது படியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். வாங்கிய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஸ்டிக்கர் விஷயம் தனி. அது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் போகிறது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் அதில் உருளைக்கிழங்கு விதை போட்டு வைக்கப் பார்த்தார், பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

கரும்பச்சை, வலது பக்கம் பக்கிள், பெட்டியில் செடி நடுகிற அம்மாள் படம். இந்த ஜோடி உங்கள் வீட்டிலும் இருந்தால் அடியைத் திருப்பி, வட்டத்தில் இருக்கிற மாதமும் வருடமும், நீங்கள் கொடுத்த விலையும் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். ஒருவருடையது 19, இன்னொருவருடையது 18.