ஜாவா 8, 17, 21: எந்தப் பரீட்சைக்குப் படிப்பது?

ஜாவா என்ற புரோகிராமிங் மொழிக்குப் பல பதிப்புகள்; 8, 17, 21 அவற்றில் மூன்று, எதில் சான்றிதழ் பரீட்சை எழுதுவது? பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கிழமை எனக்கும் இதே குழப்பம்தான். கையில் இருந்தவை ஜாவா 8 குறிப்புகள். களுவாஞ்சிகுடி நண்பன் போட்டோகொப்பி எடுத்துத் தந்தவை, ஓரமெல்லாம் பச்சைப் பேனையால் விடை குறித்தவை. லேப்டொப்பில் இருந்ததோ ஜேடிகே 21, அதாவது ஜாவா 21-இல் எழுதி ஓடவிடும் மென்பொருள். கடைசியில் நான் எழுதியது 17. ஆகவே இந்த அலசல் 17 பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுலபமான கணக்கை முடித்துவிடுவோம். 8-இல் புரொபெஷனல் சான்றிதழ் வேண்டுமென்றால் 808, 809 என்ற எண்களில் இரண்டு பரீட்சை. கட்டணமும் இரண்டு, அதுவும் டொலரில். 17-க்கு 829 ஒன்றே போதும். நான் எழுதியபோது 50 கேள்வி, 90 நிமிடம், சித்தியடைய 68 வீதம். 11-க்கும் ஒரே பரீட்சைதான், ஆனால் இப்போது புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தேட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. வேலைக்கென்று பார்த்தால், கம்பனிகள் ஜாவா புரோகிராம் கட்டப் பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட் 3-க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். 8-இல் ஓடும் பழைய புரோகிராம்களும் கம்பனிகளில் இருக்கத்தான் செய்கின்றன.

இதெல்லாம் சரி. என்னை முடிவெடுக்க வைத்தது ‘கொம்பைல் ஆகாது’ என்ற விடை, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றும்போதே கோட் பிழை காட்டி நின்றுவிடும் என்பது.

பரீட்சையில் ஒரு துண்டு கோட் தந்து என்ன அச்சாகும் என்று கேட்பார்கள். தெரிவுகளில் ஒன்று பெரும்பாலும் ‘கொம்பைல் ஆகாது’ என்றிருக்கும். ஒரு இரவு கல்லடியில் எங்கள் வீட்டில் நண்பனோடு அப்படியொரு கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கிளாசுக்குள் இன்னொரு கிளாஸ். (கிளாஸ் என்றால் பொருள்களுக்கான வார்ப்பு, மெதட் அதன் செயல், ஸ்டாட்டிக் என்றால் தனிப் பொருள் எதனோடும் ஒட்டாதது.) உள்ளே இருப்பது ஸ்டாட்டிக் இல்லை, ஆனால் அதற்குள் ஒரு ஸ்டாட்டிக் மெதட். குறிப்பில் பச்சைப் பேனை ‘கொம்பைல் ஆகாது’ என்றது. நானும் அப்படித்தான் பாடமாக்கி வைத்திருந்தேன். சும்மா தட்டிப் பார்ப்போமே என்று ஓடவிட்டால், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விடையை அச்சடித்துவிட்டது.

“உன்ட லேப்டொப்புல என்னவோ பிழை மச்சான்” என்றான்.

லேப்டொப்பில் பிழையில்லை, குறிப்பிலும் பிழையில்லை. ஜாவா 15 வரைக்கும் அது கொம்பைல் ஆகாது, 16-இலிருந்து ஆகும். அன்றிரவு மற்றப் பக்கங்களையும் கிளறினோம். ஒரு கிளாஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸுக்குள் பிரைவேட் மெதட் 8-இல் பிழை, 9-இலிருந்து சரி. வெறும் அடிக்கோட்டை வேரியபிளுக்குப் பெயராக வைத்தால் 8 எச்சரித்துவிட்டு விட்டுவிடும், 9 விடாது. பழைய குறிப்பை வைத்துப் புதிய பரீட்சைக்குப் போனால் படித்ததே காலை வாரும்.

மறுபக்கத்தாலும் அடி விழும். பல வழிகளில் ஒன்றைத் தெரியும் ஸ்விட்சுக்குள் பொருளின் வகையைப் பார்த்துப் பிரிக்கும் பேட்டர்ன் 21-இல் சாதாரண விஷயம். 17-இல் அது முன்னோட்டம் மட்டுமே, தனியாக இயக்கிவிடாவிட்டால் கொம்பைல் ஆகாது. 21-இல் எழுதிப் பழகிய கைக்கு இது உறைக்காது. மாதிரிப் பரீட்சையில் நான் புள்ளி விட்டதும் இங்கேதான். ஜேடிகே 17-ஐயே போட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கொம்பைல் கட்டளையில் ரிலீஸ் 17 என்று கொடுத்தால், 21-உம் 17-இன் சட்டப்படியே நடக்கும்.

17-க்கு நான் சாய்வதற்குக் காரணமும் இதுதான். ரெக்கோர்ட், சீல்ட் கிளாஸ், டெக்ஸ்ட் பிளொக் என்ற புதிய வசதிகள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அங்கிருந்து 21-க்குப் போகிறவர் ஸ்விட்ச் பேட்டர்ன், ரெக்கோர்ட் பேட்டர்ன், வேர்ச்சுவல் த்ரெட் என்று கொஞ்சத்தைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். 8-இலிருந்து வருகிறவருக்குப் படித்ததில் சிலதை மறக்கும் வேலையும் இருக்கிறது.

21-இன் பரீட்சையை நான் எழுதவில்லை, மாதிரிக் கேள்விகள் மட்டும் செய்து பார்த்தேன். அதிலும் 50 கேள்விதான், ஆனால் 120 நிமிடம் தருகிறார்கள். வீட்டில் கேமராவுக்கு முன்னால், கரண்ட் போய்விடுமோ என்று ஒரு கண்ணை மின்விசிறியில் வைத்துக்கொண்டு 90 நிமிடம் ஓடியவனுக்கு அந்த அரை மணித்தியாலத்தின் அருமை தெரியும். பழைய குறிப்பு எதுவும் கையில் இல்லாதவர் நேரே 21-க்குப் போவதை நான் தடுக்க மாட்டேன்.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் அக்காவின் மகன், “மாமா, 808 மட்டும் எழுதிப் பார்க்கவா?” என்று கேட்டான். லூப், அரே, ஸ்ட்ரிங் என்று அடிப்படையோடு நிற்கும் பரீட்சை, முதல் பயம் தெளிய நல்லதுதான். எழுது என்றேன். பச்சைப் பேனைக் குறிப்பை அவனுக்கே கொடுத்துவிட்டேன், ஒவ்வொரு தாளின் தலையிலும் சிவப்பால் பெரிதாக 8 என்று போட்டு.