ஜான் பிரவுன் கேலிச்சித்திரம்: பழைய அச்சுத்தாள் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விக்டோரியா மகாராணியையும் அவருடைய ஸ்காட்லாந்துப் பணியாள் ஜான் பிரவுனையும் கிண்டலடித்த படங்களில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 1867 ஆகஸ்டில் 'டோமஹாக்' என்ற லண்டன் நையாண்டி வார இதழில் மேட் மார்கன் வரைந்த 'எ பிரவுன் ஸ்டடி'யை வாங்கலாம். ஆளில்லாத சிம்மாசனத்தில் பிரவுன் ஒய்யாரமாகச் சாய்ந்து நிற்கிறார். பிரிட்டனின் சின்னமான சிங்கம் அவரைப் பார்த்து உறுமுகிறது, அவர் சட்டை செய்யவில்லை. 'பிரவுன் ஸ்டடி' என்றால் ஆங்கிலத்தில் ஆழ்ந்த யோசனை. பெயரையும் சேர்த்து ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

படத்தின் சூடு அந்த வருடத்துக்கு உரியது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் ராணி பொதுவெளிக்கு வருவதே அரிதாகிவிட்டது. 1867 ராயல் அகாடமி கண்காட்சியில், அவருடைய குதிரையைப் பிரவுன் பிடித்து நிற்கும், ஓவியர் லான்ட்சியர் தீட்டிய படம் வைக்கப்பட்டு ஏளனத்துக்கு ஆளானது. ஜூலையில் ஹைட் பார்க் ராணுவ அணிவகுப்புக்குப் பிரவுன் வரக்கூடாது என்று அமைச்சர்கள் மல்லுக்கட்டினார்கள். அடுத்த மாதமே இந்தப் படம்.

இனி சரக்கு. அசல் என்பது மரக்கட்டையில் செதுக்கி எடுத்த அச்சு, அதன்மேல் இன்னொரு கட்டையால் ஒற்றிய ஒரு சாயம். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் கோடுகள் முழுக் கறுப்பாக, விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். சீரான புள்ளிகள் தெரிந்தால் பிற்காலப் பிரதி. பல நிறத்தில் சிதறிய நுண்துளிகள் என்றால் நேற்று பிரின்டரில் எடுத்தது. பெரிய படங்களுக்குப் பல சிறு கட்டைகளைச் சேர்த்துப் பூட்டுவார்கள். அதனால் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அது கிழிசல் அல்ல, நல்ல அடையாளம். சாயம் கோட்டிலிருந்து இம்மியளவு விலகியிருப்பதும் குறையாகாது.

உண்மையான தொல்லை நடுமடிப்பில். இரட்டைப் பக்கப் படம் என்பதால் தாள் முதலில் விட்டுப்போவது அங்கேதான். யாராவது செல்லோடேப் ஒட்டியிருப்பார்கள், பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கியிருக்கும். அந்தக் கறை லேசில் போகாது. தாளின் பின்பக்கப் போட்டோ கேட்காமல் பணம் கட்டக்கூடாது. இதழ்களைத் தொகுதியாகக் கட்டிய பைண்டர் ஓரத்தை வெட்டியிருப்பதும் வழக்கம். தலைப்பும் தேதியும் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிற்பாடு கையால் பல வண்ணம் தீட்டிய தாளுக்குக் கூடுதல் விலை கேட்பது அநியாயம். வண்ணம் மதிப்பைக் குறைக்கிறது.

'பஞ்ச்' என்ற இன்னொரு நையாண்டி இதழின் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1866 ஜூலையில் அது பிரவுனைக் கிண்டலடித்தது படத்தால் அல்ல, அரண்மனை அன்றாட அறிவிப்பு நடையில் எழுதிய சில வரிகளால்: மிஸ்டர் பிரவுன் மலைச்சரிவில் உலாவினார், பேக்பைப் கேட்டார், சீக்கிரம் படுக்கப் போனார். 'பஞ்ச்சின் பிரவுன் கார்ட்டூன்' என்று யாராவது அந்த வரிகளோடு தனித்தாள் படத்தை நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். வரிகள் வேண்டுமென்றால் 51ஆம் தொகுதியை முழுதாக வாங்குவதே லாபம். ராணியை சிலையாக நிறுத்தி, இறங்கி வரும்படி பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த உருவம்) அழைக்கும், ஓவியர் ஜான் டெனியலின் 1865 படம் 49ஆம் தொகுதியில் இருக்கிறது. அதில் பணியாள் இல்லை, அவ்வளவு காரமும் இல்லை.

படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும்போது தாளை அட்டையில் முழுதாக ஒட்டச் சொல்லாதீர்கள். அமிலமற்ற அட்டையில், மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும், கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும்.