பட்டிமன்றமா, இரண்டு பத்தி அட்டவணையா?

ஒரே விஷயத்தில் எதிரெதிராகப் பேசும் இரண்டு கட்டுரைகளைப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிக்கப் பழக்குவது? ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; 2017இல் தமிழகம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது; அது செல்லும் என்று 2023இல் அதே நீதிமன்றம் சொன்னது. இரு தரப்புக்கும் எழுத்து தாராளமாகக் கிடைக்கும்.

பட்டிமன்றம் என்றால் வகுப்பே கலகலப்பாகிவிடும். கூச்சப்படும் பிள்ளைகூட வாய் திறக்கும். ஆனால் ஜெயிக்கும் ஆசை வந்துவிட்டால், எதிர்த்தரப்புக் கட்டுரையை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை.

அட்டவணை சுவாரசியம் குறைந்ததுதான். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘மாடு வதைபடுகிறது’ என்பவரின் காரணங்கள், வலப்பக்கம் ‘நாட்டு மாட்டினம் காக்கப்படுகிறது’ என்பவரின் காரணங்கள். ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்க வேண்டும்: இது தகவலா, கருத்தா? ஆதாரம் எந்த வரியில் இருக்கிறது? அப்புறம், இருவரும் ஒத்துப்போகும் இடம் எது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பிள்ளைகள் திணறுவார்கள்; கட்டுரையைத் திரும்பப் புரட்டுவதும் அப்போதுதான்.

என் ஓட்டு அட்டவணைக்கு, குறைந்தது எட்டாம் வகுப்பு வரை. பட்டிமன்றமும் வேண்டுமா? சரி, அட்டவணை முடிந்த பிறகு வையுங்கள். அதுவும் அவரவருக்குப் பிடிக்காத தரப்பைக் கொடுத்து.